325-ஆ, 405-ஆ, 532-ஆ? மென்படலத்தின் ஒளிர்வை அளக்க எந்த அலைநீளம்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி கிண்டியில் இறங்கும் எங்கள் ஆய்வு மாணவர்களின் பையில், துணியில் சுற்றிய சிறு டப்பாக்களில் கண்ணாடித் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டின் மேலும் சில நூறு நானோமீட்டர் தடிமனில் ஒரு குறைக்கடத்திப் படலம். சுழற்பூச்சு முறையிலோ தெளிப்பு முறையிலோ வடசென்னையில் உருவான அந்தப் படலங்களை ஒளிர்வு அளவீட்டுக்காக வேறு ஆய்வகங்களுக்குக் கொண்டுபோகிறோம். படலத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தூண்டி, அது திருப்பி உமிழும் ஒளியைப் பதிவுசெய்யும், எல்லோரும் சுருக்கமாகப் பி.எல். என்று சொல்லும் அளவீடு அது. அங்கே நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: எந்த அலைநீளத்தால் தூண்ட வேண்டும்?

பெரும்பாலோர் யோசிக்காமல் 325 நானோமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். ஏன் என்று ஒரு மாணவியைக் கேட்டேன். “மேடம், முந்தைய அக்காவின் ஆய்வேட்டில் அப்படித்தான் இருக்கிறது” என்றார். அந்த அக்கா அளந்தது துத்தநாக ஆக்சைடு. இவர் கையில் இருந்ததோ சூரிய மின்கலங்களுக்கான வேறொரு பொருளான பெரோவ்ஸ்கைட். கட்டணம் கட்டி, ஒரு நாளைச் செலவிட்டு எடுக்கும் நிறமாலை அந்த ஒரு எண்ணால் பயனற்றுப் போகலாம் என்பதால், நம் மாணவர்கள் அதிகம் செய்யும் படலங்களை வைத்து இந்தத் தேர்வை எழுதுகிறேன்.

முதல் விதியைப் பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறது. 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 325-க்கு 3.82, 405-க்கு 3.06, 532-க்கு 2.33, 633-க்கு 1.96. படலத்தின் ஆற்றல் இடைவெளியைவிட, அதாவது அதில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்த ஆற்றலைவிட, இது அதிகமாக இருந்தால் விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் பிறக்கும். அவை மீண்டும் சேரும்போது இடைவெளிக்கு ஒத்த நிறத்தில் ஒளி வரும். குறைவாக இருந்தால் அந்த ஒளி வராது. படிகக் குறைபாடுகள் இடைவெளிக்குள் உண்டாக்கும் குறைபாட்டு நிலைகள் நேரடியாகத் தூண்டப்பட்டால் அவற்றின் ஒளிர்வு மட்டும் தெரியலாம்.

இந்த விதியோடு நின்றுவிடுவதால்தான் எல்லோரும் 325-க்குப் போகிறார்கள். 3.82 எலக்ட்ரான் வோல்ட் ஏறக்குறைய எல்லாப் படலங்களின் இடைவெளியையும் தாண்டிவிடும். ஆகவே எதற்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் தூண்டும் அலைநீளம் ஆற்றலோடு சேர்த்து ஆழத்தையும் முடிவுசெய்கிறது. காசிமேட்டில் வலையை எந்த ஆழத்தில் விடுகிறார்களோ அந்த ஆழத்து மீன்தான் ஏறும், பி.எல். அளவீடும் அப்படித்தான். ஒளி எவ்வளவு தூரம் இறங்குகிறதோ, முதன்மையாக அந்தப் பகுதியின் சேதிதான் நிறமாலையில் வரும். இடைவெளியைவிட வெகுவாக உயர்ந்த ஆற்றல் மேல்தோலிலேயே உட்கவரப்பட்டுவிடும். மேற்பரப்பில் குறைபாடுகள் நிறைந்திருந்தால், உள்ளே நல்ல படலம் இருந்தும் நிறமாலை மங்கலாக வரும்.

ஆகவே பி.எல்.-க்கு முன்னால் உட்கவர்வு நிறமாலையை எடுத்துவிடுங்கள். புறஊதா-கட்புல ஸ்பெக்ட்ரோமீட்டர் பல கல்லூரிகளில் இருக்கிறது. எந்த அலைநீளத்தில் உட்கவர்வு ஏறத் தொடங்குகிறது, நீங்கள் நினைக்கும் தூண்டு அலைநீளத்தில் அது எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொண்டால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

துத்தநாக ஆக்சைடிலிருந்து தொடங்குகிறேன். வடசென்னையில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் முதுகலை ஆய்வுத் திட்டங்களில் அதிகம் செய்யப்படும் படலம் இதுவாகத்தான் இருக்கும். இதன் இடைவெளி அறை வெப்பநிலையில் சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். புறஊதா முகடு 380 நானோமீட்டர் அருகில் வரும். இதற்கு 325 சரியான தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹீலியம்-காட்மியம் லேசர் அதே அலைநீளத்தைத் தருகிறது. துத்தநாக ஆக்சைடில் அது 50, 60 நானோமீட்டர் ஆழத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். 200 நானோமீட்டர் தடிமனான படலம் என்றால் அடியிலுள்ள கண்ணாடியை எட்டுவது நூற்றில் மூன்று பங்குதான். முகட்டுக்கும் தூண்டும் கோட்டுக்கும் இடையே 55 நானோமீட்டர் இடம் இருப்பதால் ஃபில்டர் போடவும் வசதி.

355 நானோமீட்டரும் நல்லதே. நியோடிமியம் யாக் லேசரின் 1064 நானோமீட்டர் அலைநீளத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் கிடைப்பது அது. 380-இலிருந்து 25 நானோமீட்டர் தள்ளி நிற்கிறது. 375 நானோமீட்டர் டையோடு லேசர் விலை குறைவு, பயன்படுத்த எளிது. ஆற்றலும் கணக்குப்படி போதும். ஆனால் சிதறும் லேசர் ஒளி 380 முகட்டின் தோள் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துத்தநாக ஆக்சைடின் புறஊதா முகட்டை அளக்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 405-ஐப் பயன்படுத்தினால் அந்த முகடு வரவே வராது. பச்சை, மஞ்சள் பகுதியிலுள்ள குறைபாட்டு ஒளிர்வு வரலாம். அந்த ஒளி படலத்தை ஊடுருவிக் கண்ணாடிக்குப் போய்விடுவதால் சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டின் சொந்த ஒளிர்வும் அதோடு கலக்கும். குறைபாட்டை மட்டும் படிக்கத்தான் 405 என்றால் படலத்தை உருகு குவார்ட்ஸ் மேல் செய்யுங்கள்.

அடுத்து, லேசரா, செனான் விளக்கா? மாணவர்களுக்கு எளிதில் கிடைப்பது செனான் விளக்கு கொண்ட ஸ்பெக்ட்ரோஃப்ளோரோமீட்டர். 325 என்று எழுதிக் கொடுத்தால், விளக்கின் ஒளியிலிருந்து ஒரு அலைநீளத்தை மட்டும் தேர்ந்து விடும் மோனோக்ரோமேட்டரை 325-இல் நிறுத்தி அளந்து தருவார்கள். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இதை மட்டுமாவது படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செனான் விளக்கின் ஒளி பெரும்பாலும் சீரானது. ஆனால் 450 முதல் 495 நானோமீட்டர் வரை அதில் கூர்மையான சில கோடுகள் உண்டு. 467 அருகிலுள்ளது நன்றாகவே தெரியும். மோனோக்ரோமேட்டரை 325-இல் வைத்தாலும் இந்த நீல ஒளியில் மிகச் சிறிதளவு கசிந்து வரும். படலம் சொரசொரப்பாக இருந்தால் அது சிதறி நேராக உணரிக்குப் போகும். விளைவு: நிறமாலையில் நீலப் பகுதியில் குட்டிக் குட்டி முகடுகள். 451, 468, 482, 492 என்று அவற்றைப் பட்டியலிட்டு, ஒன்று துத்தநாக வெற்றிடம், ஒன்று இடைச்செருகல் துத்தநாகம், மற்றொன்று ஆக்சிஜன் குறைபாடு என்று பெயர் வைத்த ஆய்வேடுகளை நான் மேசைமேல் அடுக்கிப் பார்த்திருக்கிறேன். துத்தநாக ஆக்சைடுக்கும், டைட்டானியம் டை ஆக்சைடுக்கும், வெள்ளீய ஆக்சைடுக்கும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் முகடுகள் வந்தால் அவை படலத்தின் குறைபாடுகளாக இருக்க வழியில்லை. மூன்றுக்கும் பொதுவானது விளக்குதான்.

இந்த முகடுகளின் தொல்லை இன்னும் ஆழமானது. தூண்டு அலைநீளத்தை 10 நானோமீட்டர் மாற்றிப் பார், நகராத முகடு உண்மையான ஒளிர்வு என்று ஒரு சோதனையை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். பொருளில் பட்டு ஆற்றல் சற்று மாறிச் சிதறும் ஒளியான ராமன் சிதறலை அது பிடித்துவிடும். ராமன் முகடு தூண்டும் ஒளியோடு சேர்ந்து நகரும். இரண்டாம் வரிசை விளிம்பு விலகலையும், அதாவது ஓர் ஒளி அதன் இரட்டை அலைநீளத்தில் போலியாகத் தெரிவதையும், பிடித்துவிடும்: 325-இன் இரட்டை 650-இல் தெரியும், 335-க்கு மாற்றினால் 670-க்குப் போகும். ஆனால் விளக்கிலிருந்து கசியும் செனான் கோடு நகராது. மோனோக்ரோமேட்டர் எங்கே நின்றாலும் 467 என்பது 467-தான். உண்மையான ஒளிர்வு போலவே அது நடந்துகொள்ளும். அதைப் பிடிக்க இரண்டு வழிகள்: படலம் இல்லாத வெறும் கண்ணாடியையும், சொரசொரப்பான வெள்ளைப் பொருள் ஒன்றையும் அதே அமைப்பில் அளந்து பார்ப்பது, தூண்டும் பாதையில் நீல ஒளியைத் தடுத்துப் புறஊதாவை மட்டும் விடும் ஃபில்டரை வைப்பது. இரண்டும் முடியவில்லை என்றால் லேசர் உள்ள இடத்தைத் தேடிப் போங்கள். லேசருக்கு இந்தக் கோடுகள் கிடையாது. வாயு லேசரின் குழாய் வெளிச்சம் தனியாக வரும். ஒரு குறும்பட்டை ஃபில்டர் அதை அடக்கிவிடும்.

உண்மையான ஒளிர்வையும் சிதறலையும் பிரித்தறியும் இந்தச் சிக்கலுக்கு நம் ஊரோடு ஓர் உறவு உண்டு. 1923-இல் கே.ஆர். இராமநாதன் கல்கத்தாவில் நீரில் ஒளிச்சிதறலைப் படித்தபோது நிறம் மாறிய ஒரு மெல்லிய ஒளியைக் கண்டார். நீரில் கலந்த மாசின் ஒளிர்வாக இருக்கும் என்று கருதப்பட்டது. எவ்வளவு தூய்மைப்படுத்தியும் அது போகவில்லை. 1928-இல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் அதை எடுத்துக்கொண்டு, அந்த ஒளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் (அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருப்பதையும்), அதனால் சாதாரண ஒளிர்வாக இருக்க முடியாது என்பதையும் காட்டினார்கள். மேலே சொன்ன ராமன் சிதறல் அதுதான். அந்தக் கிருஷ்ணன் அதற்குமுன் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தவர். தாம்பரத்துக்கு இடம்பெயரும்வரை அந்தக் கல்லூரி இயங்கியது ஜார்ஜ் டவுனில், இன்றைய பாரிமுனைக்குப் பக்கத்தில். முகட்டுக்குப் பெயர் வைக்கும் முன் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் இந்தத் தெருக்களுக்குப் புதியதல்ல.

பெரோவ்ஸ்கைட்டுக்கு வருகிறேன். மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு படலத்தின் இடைவெளி சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட்; முகடு 770 நானோமீட்டர் அருகில். இதற்கு 325 தேவையே இல்லை. போட்டி 405-க்கும் 532-க்கும்தான், ஓரளவு 633-க்கும்.

வெப்பத்தை முதலில் பாருங்கள். 405-இன் ஒவ்வோர் ஒளித்துகளும் 3.06 கொண்டுவருகிறது, படலத்துக்குத் தேவை 1.6. மீதி 1.46, அதாவது ஏறக்குறைய பாதி, படிகத்தைச் சூடாக்கவே போகிறது. 532-க்கு மீதி 0.73, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 633-க்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நுண்ணோக்கி வழியாக லேசரைக் குவித்து அளக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. பெரோவ்ஸ்கைட்டில் ஒளிபட்டால் அயனிகள் நகரும், மேற்பரப்பு சிதையும். அளந்துகொண்டிருக்கும்போதே முகட்டின் உயரம் ஏறும் அல்லது இறங்கும். ஒரே இடத்தைச் சில நொடிகள் இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை எழுதக்கூடாது.

ஆழத்தையும் பாருங்கள். 532-இல் ஊடுருவும் ஆழம் 100 நானோமீட்டரைத் தாண்டும். 405-இல் அதில் பாதிக்கும் கீழே. படலத்தின் உள்ளுடல் எப்படி இருக்கிறது என்பது கேள்வியானால் 532.

ஆனாலும் கடலோரத்தில் வேலை செய்யும் நமக்கு 405-ஆல் ஒரு தனிப் பயன் இருக்கிறது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஈரம் பட்ட பெரோவ்ஸ்கைட் மெல்ல மெல்ல மஞ்சளான லெட் அயோடைடாகச் சிதைகிறது. லெட் அயோடைடின் ஒளிர்வு மங்கலாகவேனும் 515 நானோமீட்டர் வாக்கில் வரும். 532-இல் தூண்டினால் அதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. தூண்டும் ஒளியே அதைவிட நீளமான அலை. 405-இல் தூண்டினால் 770 முகட்டோடு 515-உம் சேர்ந்து தலைகாட்டும். கறுப்பாக, நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் படலத்தின் மேல்தோல் கெட ஆரம்பித்துவிட்டதா என்பதை அந்தச் சிறு முகடு கண்ணுக்கு முன்பே சொல்லும். ஆகவே பெரோவ்ஸ்கைட்டுக்கு இரண்டு அலைநீளங்களிலும் அளக்கக் காசு இருந்தால் இரண்டையும் கேளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், படலத்தின் தரத்தை ஒப்பிடுபவர் 532-ஐயும், பாதுகாப்புப் பூச்சைச் சோதிப்பவர் 405-ஐயும் கேட்கலாம். பயணத்துக்கு டப்பாவைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி, செய்த அன்றே கொண்டுபோவது எல்லோருக்கும் பொருந்தும்.

இரண்டு அலைநீளங்களில் எடுத்த உயரங்களை நேராக ஒப்பிட வேண்டாம். ஒரு மில்லிவாட் 405 ஒளியில் நொடிக்கு சுமார் 2.0 × 10¹⁵ ஒளித்துகள்கள். அதே ஒரு மில்லிவாட் 532-இல் 2.7 × 10¹⁵. பிறக்கும் எலக்ட்ரான்-துளை இணைகளின் எண்ணிக்கை வாட்டைப் பொறுத்ததல்ல, உட்கவரப்படும் ஒளித்துகள்களைப் பொறுத்தது.

532 லேசரில் கவனிக்க வேண்டிய ஒன்று. பச்சை ஒளி தரும் சிறு லேசர்களில் பெரும்பாலானவை 808 நானோமீட்டர் டையோடால் படிகத்தைத் தூண்டி, 1064-ஐ உண்டாக்கி, அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 தருகின்றன. அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் சரியில்லை என்றால் 808-உம் 1064-உம் பச்சையோடு சேர்ந்து வெளியே வரும். மலிவான பச்சை லேசர் சுட்டிகளில் இப்படி ஆபத்தான அளவு கசிவு இருப்பதை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2010-இல் எச்சரித்தது. அங்கே கவலை கண்ணைப் பற்றியது. நமக்குக் கண்ணோடு நிறமாலையும் போகும். பெரோவ்ஸ்கைட்டின் 770 முகட்டின் சரிவிலும், காட்மியம் டெல்லுரைடின் முகட்டுக்கு வெகு அருகிலும் 808 வந்து நிற்கும். 405-ஐ எடுத்தாலும் இந்தத் தொல்லை வேறு வேடத்தில் வரும்: அதன் இரண்டாம் வரிசை 810. உணரியின் முன் நீள் அலைகளை மட்டும் விடும் ஃபில்டர் இருக்கிறதா என்று அளப்பவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல; நல்ல ஆய்வகத்தார் தாமே எடுத்துக் காட்டுவார்கள்.

காட்மியம் சல்பைடு, காட்மியம் டெல்லுரைடு என்று இரண்டு அடுக்குகளாகச் செய்யும் சூரிய மின்கலப் படலங்களில் அலைநீளத் தேர்வு ஒரு கத்தி போல வேலை செய்கிறது. காட்மியம் சல்பைடின் இடைவெளி 2.42 எலக்ட்ரான் வோல்ட். டெல்லுரைடின் இடைவெளி சுமார் 1.5. கண்ணாடிப் பக்கத்திலிருந்து 405-ஐயோ 442-ஐயோ விட்டால் பெரும்பகுதி சல்பைடு அடுக்கிலேயே நின்றுவிடும். 532-இன் ஆற்றல் 2.33; சல்பைடுக்கு அது போதாது. ஆகவே அதைக் கடந்து, இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்துக்குள் இறங்கி, டெல்லுரைடின் முதல் சில நூறு நானோமீட்டரைத் தூண்டும். மின்கலம் நன்றாக வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சந்திப்புக்குப் பெரும் பங்கு உண்டு. படலத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அதே 532-ஐ விட்டால், கிடைப்பது டெல்லுரைடின் வெளிப்பரப்பின் கதை. மாதிரியை எந்தப் பக்கம் வைத்து அளந்தார்கள் என்று எழுதாத நிறமாலையை இந்தப் படலங்களுக்கு நான் நம்புவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலியம் நைட்ரைடுக்கு இடைவெளி 3.4, 325 போதும். வெள்ளீய ஆக்சைடுக்கு 3.6, 325 தாண்டும், ஆனால் சிறிதளவே தாண்டுவதால் 266 கிடைத்தால் நல்லது. அனடேஸ் டைட்டானியம் டை ஆக்சைடின் இடைவெளி மறைமுகமானது. அறை வெப்பநிலையில் ஒளிர்வு மிகவும் பலவீனம். எந்த அலைநீளத்தை எடுத்தாலும் அதற்கு நீண்ட நேரச் சேகரிப்பு வேண்டும். செனான் கோடுகள் அதிகம் ஏமாற்றுவதும் இந்தப் படலத்தில்தான். காட்மியம் சல்பைடு மட்டும் என்றால் 405 அல்லது 442. காட்மியம் டெல்லுரைடுக்கோ காலியம் ஆர்சனைடுக்கோ போகும் முன் உணரியைக் கேளுங்கள். பரவலாகப் பொருத்தப்படும் ஆர்928 வகை ஒளிபெருக்கிக் குழாயின் எல்லை 900 நானோமீட்டர். காலியம் ஆர்சனைடின் 870 முகடு அந்த எல்லையின் விளிம்பில் இருக்கிறது. தூண்டலைச் சரியாகத் தேர்ந்தும் உணரி பார்க்காவிட்டால் வெறும் கோடுதான் வரும்.

எந்தப் படலமானாலும், சில நேரம் நிறமாலையில் சம இடைவெளியில் அலைபோல மேடு பள்ளங்கள் வரும். படலத்தின் இரு முகங்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் குறுக்கீட்டு விளைவு அது. தடிமன் அரை மைக்ரானைத் தாண்டினாலே தோன்றலாம். தூண்டும் அலைநீளத்தை மாற்றினால் அது போகாது. மாதிரியைச் சற்றுச் சாய்த்து அளந்தால் மேடுகள் இடம் மாறும். உண்மையான முகடு அசையாது.

கையில் இருப்பது இரண்டு அளவீட்டுக்கான காசு என்றால் பலர் ஒரே அலைநீளத்தில் இரண்டு மாதிரிகளை அளக்கிறார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறு: ஒரு நல்ல மாதிரியை இரண்டு அலைநீளங்களில் அளந்து வாருங்கள், ஒன்று இடைவெளிக்குச் சற்று மேலே, மற்றது நன்றாக மேலே. இரண்டிலும் முகடு ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் வந்தால் படலம் மேலும் கீழும் ஒரே தரம் என்று ஓரளவு நம்பலாம். இடம் மாறினால் ஆழத்தோடு ஏதோ மாறுகிறது என்று பொருள். அடுத்த மாதத்தின் வேலை எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும். அதோடு வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் டப்பாவில் வையுங்கள். அதே தொகுதிக் கண்ணாடி, அதே முறையில் கழுவியது, படலம் மட்டும் இல்லாதது. பல இடங்களில் அதைக் கூடுதல் கட்டணமின்றி ஒரு முறை ஓட்டித் தரும்படி கேட்டால் தருவார்கள்.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் எண் மட்டும் எழுதாதீர்கள். அலைநீளம், லேசரா விளக்கா, மோனோக்ரோமேட்டர் பிளவின் அகலம், ஒளியின் திறன், படும் புள்ளியின் அளவு, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த ஃபில்டர் என்று தனித்தாளில் எழுதி மாதிரியோடு கொடுங்கள். அளந்து முடித்ததும் அளப்பவரிடம் அந்தத் தாளிலேயே உண்மையில் பயன்படுத்தியதைத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் நிறமாலைக்குக் கீழே வரும் குறிப்பை அந்தத் தாளைப் பார்த்தே எழுதலாம்.